முதல் வில்லுக்கு எத்தனை இறாத்தல்? ரீகர்வ் வில் பழகத் தொடங்குவோருக்கான இழை

வாசகர் கேள்வி, அக்கரைப்பற்று – 2024 பெப்ரவரி 11

"எனக்கு வயது 26. வயல் வேலை செய்து பழகிய உடம்பு. நெல் மூட்டை தூக்குவது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. குறிகாட்டியோ வேறு துணைக் கருவிகளோ இல்லாத வெறும் ரீகர்வ் வில்லில் (நுனிகள் முன்னே வளைந்த வில்), பழைய முறைப்படி பழக விரும்புகிறேன். 45 இறாத்தல் வில் ஒன்றை அனுப்புவதாக வெளிநாட்டில் இருக்கும் மச்சான் சொல்கிறார். 25 இறாத்தல் வில் சிறுவர்களுக்கு உரியது என்பதும், முதலில் இலகுவான வில்லை வாங்கிப் பிறகு இன்னொன்றை வாங்குவது இரட்டைச் செலவு என்பதும் என் எண்ணம். அண்ணா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எந்த அம்பு எடுக்க வேண்டும், எங்கே நின்று எய்யலாம் என்பதையும் சொல்லுங்கள்."

2024 பெப்ரவரி 11, இரவு

தம்பி, 45 இறாத்தல் வேண்டாம். (வில்லுக்கு இறாத்தல் என்பது அதன் எடை அல்ல, நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை.) மச்சான் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லி நிறுத்திவிடுங்கள்.

உங்கள் பலத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூட்டை தூக்கும்போது காலும் இடுப்பும் தோளின் மேற்பகுதியும் வேலை செய்கின்றன. வில்லை முழுதாக இழுத்துப் பிடித்து நிற்கும்போது பாரம் வந்து இறங்குவது முதுகில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே உள்ள தசைகளில். அன்றாட வேலை எதுவும் அந்தத் தசைகளை அந்த விதமாகப் பழக்குவதில்லை. பலத்துக்கு மிஞ்சிய வில்லை எடுத்தவர்கள் எய்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வில் பிடித்த தோள் காதை நோக்கி ஏறும், இடுப்புக்கு மேலே உடம்பு பின்னால் சாயும், நாண் முகத்தைத் தொடுவதற்கு முன்பே விரல்கள் விட்டுவிடும். அம்பு பறக்கத்தான் செய்யும்; சில சமயம் இலக்கிலும் போய்த் தைக்கும். ஆனால் ஒவ்வோர் அம்போடும் அந்தக் கோணல் உடம்பில் இன்னும் ஆழமாகப் பதிகிறது, பிறகு இலகுவான வில்லுக்கு இறங்கினாலும் அது எளிதில் விட்டுப் போவதில்லை.

வளர்ந்த ஆண் ஒருவருக்கு 22 முதல் 28 இறாத்தல் வரையும், பெண்களுக்கு 18 முதல் 24 வரையும் தொடக்கத்துக்குப் போதும் என்பது என் கணிப்பு. வில்லில் எழுதியிருக்கும் இறாத்தல் 28 அங்குல இழுப்பில் அளந்தது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் இழுப்பு அதைவிட நீளமாக இருந்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 இறாத்தல் கூடும், குட்டையாக இருந்தால் அதே அளவு குறையும். இழுப்பை மதிப்பிட, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 70 அங்குலம் விரியும் கைக்கு 28 வரும்.

இரட்டைச் செலவு என்ற கவலைக்குக் கழற்றிப் பூட்டும் வில் பதிலாக இருக்கிறது. நடுவே கைப்பிடி, மேலும் கீழும் லிம்ப் எனப்படும் வளையும் பகுதி ஒவ்வொன்று என மூன்று துண்டுகள். பலம் கூடியபின் லிம்ப் இரண்டை மட்டும் மாற்றினால் போதும். கைப்பிடி அப்படியே இருக்கும். சாமிக் சேஜ் என்ற 62 அங்குல வில் இந்த வகையில் உலகம் முழுவதும் தொடக்கக்காரர் கைகளில் புழங்குவது. அதற்கு 25 முதல் 60 இறாத்தல் வரை லிம்ப்கள் உண்டு. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஐ.எல்.எஃப் பொருத்து முறையில் உள்ள கைப்பிடியை எடுங்கள். அதில் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் லிம்ப்களை மாற்றி மாற்றிப் பூட்டலாம், திருகாணியைச் சுற்றி இறாத்தலைச் சிறிதளவு கூட்டவும் குறைக்கவும் முடியும். துண்டுகளாகக் கழற்றிய வில் பயணப் பெட்டிக்குள் அடங்கிவிடுவதால் மச்சானுக்கும் கொண்டுவருவது சுலபம்.

2024 பெப்ரவரி 12

நேற்று விட்டுப்போனது ஒன்று. வலக்கை வில்லா, இடக்கை வில்லா என்பதை முடிவு செய்யாமல் எதையும் வாங்க வேண்டாம். வலக்கை வில் என்றால் இடக்கையில் பிடித்து வலக்கையால் இழுப்பது.

இரு கண்களும் திறந்திருக்க, இரண்டு உள்ளங்கைகளையும் முன்னே நீட்டிச் சேர்த்து நடுவில் ஒரு சிறு துவாரம் வைத்து, அதனூடாகத் தூரத்துத் தென்னை ஒன்றைப் பாருங்கள். மரத்தை விடாமலே கைகளை முகத்துக்கு மெல்லக் கொண்டுவந்தால் அவை ஒரு கண்ணின் முன்னால் வந்து நிற்கும். அதுதான் ஓங்கிய கண். எழுதுவது வலக்கையால், ஓங்கிய கண் இடது என்று இருப்பவர்கள் கண்ணைப் பின்பற்றி இடக்கை வில் எடுப்பதே நல்லது என்பேன். குறிகாட்டி இல்லாமல் எய்பவருக்கு அம்பு பார்க்கும் கண்ணின் கீழே கிடக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு கைகளும் பழகாத கைகள்தாம் என்பதால் இழப்பு எதுவும் இல்லை.

2024 பெப்ரவரி 17

அம்பு. வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகர், மூங்கிலிலோ பிரம்பிலோ நாமே செய்துகொள்ளலாமே, எதற்காக இறக்குமதி அம்பு என்று கேட்டிருக்கிறார். செய்யலாம். ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். அம்பு இலக்குக்குப் போகாததற்குக் காரணம் கையா, அம்பா என்று பிரித்தறிய முடியாத நிலையில் ஒருவர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஒரே நீளமும் ஒரே எடையும் ஒரே விறைப்பும் உள்ள ஆறு அம்புகள் கையில் இருந்தால், வேறுபாடு முழுவதும் உங்களுடையது என்பது உறுதியாகிவிடும்.

விறைப்பைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மீது அம்பின் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார்கள். அரை அங்குலம், அதாவது 0.500 அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். எண் கூடக்கூட அம்பு நெகிழ்வானது. இது ஏன் முக்கியம் என்றால், நாணை விட்ட கணத்தில் அம்பு நேராகப் போவதில்லை. வில்லின் கைப்பிடி அதன் வழியில் நிற்பதால் ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் வளைந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, பிறகுதான் நிமிர்கிறது. வேகமாகப் படம் பிடித்து மெதுவாக ஓட்டினால் இந்த நெளிவு தெளிவாகத் தெரியும். விறைப்பு மிஞ்சிய அம்பு அந்தச் சுற்றை முழுதாக வளையாமல் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் ஒதுங்கிப் போகும். விறைப்புப் போதாதது வலப்பக்கம் போகும். 25 இறாத்தலைச் சுற்றியுள்ள வில்லுக்கு 800 முதல் 1000 வரையான ஸ்பைன் பொருந்தும். வேட்டைக்கென விற்கப்படும் 400 ஸ்பைன் கார்பன் அம்பைப் பலர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, இடப்பக்கம் போகும் அம்புக்குத் தங்கள் கையைக் குறை சொல்கிறார்கள்.

கைப்பிடியின் மேற்புறத்தில் உள்ள சிறு மேடையிலேயே அம்பை வைத்து எய்யும் நம் முறைக்கு, அம்பின் வால்பக்கத்தில் பிளாஸ்டிக் இதழ் ஒத்துவராது. உண்மையான இறகுதான் கைப்பிடியில் உரசும்போது மடங்கிக்கொடுக்கும். அம்பின் முழு எடை, வில்லின் ஒவ்வோர் இறாத்தலுக்கும் 8 கிரெயினுக்குக் குறையாமல் இருக்கட்டும். 25 இறாத்தலுக்கு 200 கிரெயின், ஏறத்தாழ 13 கிராம். இழுத்து முடித்தபின் அம்பு முனை வில்லுக்கு முன்னே ஓர் அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். எய்வதற்கு முன் ஒவ்வொரு கார்பன் அம்பையும் இரு முனைகளிலும் பிடித்து மெல்ல வளைத்து, சுற்றித் திருப்பி, நொறுங்கும் ஓசை கேட்கிறதா என்று காது கொடுங்கள். ஓசை கேட்டால் அந்த அம்பை முறித்து எறியுங்கள். வெடித்த அம்பு நாண் விடும் வேளையில் பிளந்து வில் பிடித்த கையில் ஏறிவிடும்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்பிலேயே அடங்குவதால் லிம்ப் பிளந்து போகும். வில்லைக் கையில் வாங்கிப் பார்க்கும் விருந்தினர் எல்லோரும் முதலில் செய்ய விரும்புவது இதைத்தான் என்பதால், கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

2024 பெப்ரவரி 25

எங்கே நின்று எய்வது என்ற கேள்விக்கு இன்றுதான் வர முடிந்தது.

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் காலையில் ஆள் இல்லை, அங்கே எய்யலாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். கரைவலை இழுப்பவர்கள் எந்த நேரத்திலும் வருவார்கள். நடைப்பயிற்சிக்கு வருவோரும் உண்டு. 25 இறாத்தல் வில்கூட, அண்ணாந்து எய்தால், அம்பை நூறு மீற்றருக்கு அப்பால் கொண்டுபோய்ப் போடும். சிறுவர் வில் என்று நீங்கள் சொன்னது மனித உடலைத் துளைக்கப் போதுமானது, தம்பி.

பெரும்போக அறுவடை முடிந்த வயல், உரியவரிடம் கேட்டு அனுமதி பெற்ற வயல், நமக்கு வாய்ப்பான இடம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்தில் நாங்கள் எய்வது அப்படியொரு வயலில்தான். இலக்குக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேற்பட்ட மண் அணை இருக்கிறது. மதில் சுவரைப் பின்னணியாக வைக்காதீர்கள். தவறிய அம்பு உடையும் அல்லது திரும்பி வரும். மாடுகள் குறுக்கே வரும் வழியா என்பதையும், அணைக்கு அப்பால் வீடு, பாதை, வாய்க்காலில் குளிப்போர் உண்டா என்பதையும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு இலக்கை நிறுத்துங்கள்.

இலக்கை நாமே செய்யலாம். வைக்கோலை மட்டும் சாக்கில் அடைத்தால் அம்பு மறுபக்கம் வந்துவிடும். பழைய சேலை, சாரம், படுக்கை விரிப்பு ஆகியவற்றை உரப்பைக்குள் காலால் மிதித்து இறுக்கி அடைத்து, வாயைத் தைத்து, அப்படி நான்கு பைகளை மரச்சட்டத்தில் அடுக்கிக் கட்டினால் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் இலக்கு கிடைக்கும். உடைகளில் உள்ள பொத்தானையும் சிப்பையும் வெட்டி எடுத்துவிடுங்கள். சட்டத்தின் கால்களைக் கல்லின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் கறையான் ஏறிவிடும்.

வயலில் எய்பவருக்கு ஒரு கடமை இருக்கிறது. கார்பன் அம்பு உடைந்தால் ஊசி போன்ற சிம்புகளாகச் சிதறும். அந்தச் சேற்றில்தான் அடுத்த போகத்தில் ஒருவர் வெறுங்காலோடு இறங்குவார். ஆகவே எய்த அம்புகளை எண்ணி, தவறியதைத் தேடி எடுக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதை எங்கள் இடத்தில் முதல் ஒழுங்காக வைத்திருக்கிறோம். இறகுக்குச் செம்மஞ்சள் நிறம் தெரிவு செய்தால் தேடுவது எளிது. பறவை, விலங்கு எதன் மீதும் எய்வதில்லை என்பதும் ஒழுங்கு.

2024 மார்ச் 10

வில் வந்துவிட்டது, 25 இறாத்தல், 20 மீற்றரில் எய்யத் தொடங்கலாமா என்று தம்பி கேட்கிறார். மகிழ்ச்சி. ஆனால் 20 மீற்றர் வேண்டாம். இலக்குக்கு மூன்று, நான்கு மீற்றர் தொலைவில் நின்று, இலக்கில் புள்ளி எதுவும் வைக்காமல், முதல் சில வாரங்களைக் கழியுங்கள். புள்ளி இருந்தால் கண் அதற்குப் போகும். கண் போனால் கவனமும் போகும். உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது.

நாணேற்றும்போது நாணேற்றும் கயிற்றைப் பயன்படுத்துங்கள். காலுக்குள் வில்லைக் கோத்து வளைப்பது லிம்பை முறுக்கிவிடும். ஏற்றியபின் கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரத்தை அளவுகோலால் பாருங்கள். 62 அங்குல வில்லுக்கு அது பெரும்பாலும் ஏழரை அங்குலத்துக்குக் குறையாது. தயாரிப்பாளர் தந்த அளவே முதன்மையானது. குறைந்தால் நாணை இறக்கி இன்னும் சில முறுக்குகள் கொடுத்தால் நாண் குறுகித் தூரம் கூடும்.

இனி உடம்பு. பாதங்கள் தோளகலத்தில், இலக்குக்குப் பக்கவாட்டாக. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பெருவிரலின் அடிச் சதையில் வில் அழுத்தி நிற்க, மற்ற விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். சுட்டுவிரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிரவிரலும் கீழே. நாண் முதல் மூட்டு மடிப்பில் படியட்டும், நுனி விரலில் அல்ல. இழுப்பது கையால் அல்ல. முழங்கையைப் பின்னால் கொண்டுபோகிறோம் என்று நினைத்தால் முதுகு தானாக வேலைக்கு வரும். சுட்டுவிரல் நுனி வாயின் ஓரத்தைத் தொடும்போது நிற்க வேண்டும். ஆங்கர் எனப்படும் அந்த இடம் ஒவ்வோர் அம்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். குறிகாட்டி இல்லாதவருக்குப் பின்பக்கக் குறி அதுதான். அது அரை அங்குலம் நகர்ந்தால், 20 மீற்றரில் அம்பு குறியிலிருந்து வெகுவாக விலகிப் போகும்.

இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி பழக வருகிறாள், பத்தாம் வகுப்பு, 18 இறாத்தல் வில். அவளுக்கு வந்த சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பாதி இழுத்ததும் அம்பு மேடையிலிருந்து விலகி இடப்பக்கம் விழுந்துவிடும். அவள் வில்லைச் சாய்த்துப் பார்த்தாள், வில் பிடித்த கையின் சுட்டுவிரலை உயர்த்தி அம்பைத் தடுத்துப் பார்த்தாள். "மாமா, அம்பு வளைஞ்சிருக்கு" என்றாள். அம்பு நேராகத்தான் இருந்தது. அவளுடைய இழுக்கும் கையை அருகே சென்று பார்த்தபோது, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அம்பின் பிளவு, அதாவது நாணில் பூட்டும் பின்முனை, நசுங்கிக்கொண்டிருந்தது. விரல் நகங்களின் ஓரம் வெளுத்திருந்தது. அத்துடன் விரல்களைப் பாதி மட்டும் மடக்கி இழுக்கத் தொடங்கியதால், பாரம் ஏற ஏற அவற்றை இன்னும் மடக்கினாள். அப்படி மடங்கும்போது நாண் விரலில் உருண்டு, அம்பையும் வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறது. தீர்வு இரண்டு. விரல்களை முதலிலேயே நன்றாக மடக்கி, தண்ணீர் வாளியின் பிடியைத் தூக்குவது போல் கொக்கியாக்கி, புறங்கையை நேராக வைத்துக்கொண்டு இழுக்க வேண்டும். சுட்டுவிரலுக்கும் அம்புக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். விரல்காப்புத் தோலில் இதற்கென்றே ஒரு சிறு தடுப்புக் கட்டை வைத்தவையும் கிடைக்கின்றன. அன்று மாலையே அம்பு மேடையில் நின்றது.

விடுவதைப் பற்றி ஒன்றே ஒன்று: விரல்களைத் திறக்க முயல வேண்டாம். முதுகு இழுத்துக்கொண்டிருக்க, விரல்கள் பிடிப்பைக் கைவிட்டால் நாண் தன் வழியில் போகும். கை தானாகக் காதுப்பக்கம் பின்னால் நகரும். கை முன்னால் போனால், அல்லது அசையாமல் அப்படியே நின்றால், முதுகு வேலை செய்யவில்லை.

2024 மார்ச் 24

கனடாவிலிருந்து ஒரு வாசகர், சுட்டுவிரலை மேலே வைப்பதைவிட மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைப்பது தொடக்கக்காரருக்கு எளிது, அம்பு கண்ணுக்கு அருகே வருகிறது, பிளவு நசுங்கும் சிக்கலும் இல்லை என்று எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்ததில் அவர் சொல்வதில் நியாயம் அதிகம். பத்தாம் திகதி நான் எழுதியதை ஒரே வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே மூன்று விரல் வைப்பவர்கள் நாணில் அம்பு பூட்டும் குறியைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எதைத் தெரிவு செய்தாலும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

குறி வைப்பது பற்றியும் அவர் கேட்டிருக்கிறார். அம்பைப் பார்க்காமல் இலக்கை மட்டும் பார்த்து உள்ளுணர்வால் எய்வதுதான் பாரம்பரிய முறை என்று சிலர் உறுதியாக நம்புகிறார்கள். நானும் நீண்ட காலம் அப்படியே எய்தேன். இப்போது பழக வருபவர்களுக்கு அம்பு முனையைக் கொண்டு குறி வைக்கவே சொல்லிக்கொடுக்கிறேன். வாயோர ஆங்கரில் இலகுவான வில்லோடு 10 மீற்றரில் நின்றால், முனையை இலக்கின் நடுவில் வைத்தால் அம்பு மேலே போகும். ஆகவே முனை நடுவுக்கு எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். தூரம் கூடக்கூட அந்த இடைவெளி சுருங்கும். ஒரு தூரத்தில் முனையும் நடுவும் ஒன்றாகும். அதற்கு அப்பால் முனை நடுவுக்கு மேலே நிற்க வேண்டும். இதைத் தெரிந்து எய்பவருக்குத் தவறிய அம்பு ஒரு செய்தி சொல்லும். உள்ளுணர்வால் எய்பவருக்கு அந்தச் செய்தி கிடைக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும்.

2024 ஏப்ரல் 21

பிள்ளைகளுக்கு எத்தனை இறாத்தல் என்று காரைதீவிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். பத்து, பன்னிரண்டு வயதில் 12 முதல் 16 இறாத்தல் போதும், அம்மா. இலக்கு நான்கு மீற்றரில் இருக்கட்டும். கூடவே வளர்ந்தவர் ஒருவர் நின்று, எல்லோரும் எய்து முடித்து வில்லைக் கீழே வைத்தபின்தான் அம்பு எடுக்க நடக்கலாம் என்ற ஒழுங்கை விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும். அம்பை இலக்கிலிருந்து பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பிளவுப் பக்கம் கண்ணில் குத்தியே விபத்து நேர்கிறது.

2024 யூன் 30

கச்சான் எனும் வறண்ட, சூடான காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வயலில் நின்று எய்வது உடம்புக்கும் கெடுதி, வில்லுக்கும் கெடுதி. எங்கள் நேரம் இப்போது காலை ஆறு முதல் எட்டு வரை.

வில்லின் லிம்ப் மெல்லிய மரத் தகடுகளையும் கண்ணாடி இழைத் தகடுகளையும் பசையால் ஒட்டியது. வெயிலில் மூடிக் கிடக்கும் வாகனத்துக்குள் அந்தப் பசை இளகி அடுக்குகள் விலகலாம். முச்சக்கரவண்டியின் பின்பக்கத்தில், இயந்திரத்துக்கு மேலே, வில்லை வைத்துக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். மடியில் வைத்து வாருங்கள். எய்து முடிந்ததும் நாணை இறக்குங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் லிம்ப் காலப்போக்கில் முறுகும். கிடையாக இரண்டு ஆணிகள் மேல் வையுங்கள், அல்லது கழற்றிப் பையில் இடுங்கள்.

காற்றில் எய்யத் தெரியாதவர்கள் காற்றுக்கு எதிராக வில்லைத் திணிக்கத் தொடங்கி, கட்டிய பழக்கத்தைக் குலைத்துக்கொள்கிறார்கள். குறுக்குக் காற்று பலமாக வீசும் நாளில் ஐந்து மீற்றருக்கு வந்துவிடுங்கள். விரலில் வியர்வை வழிந்தால் தோல் ஈரமாகி நாண் ஒட்டும். இரண்டு விரல்காப்புத் தோல்களை வைத்துக்கொண்டு மாறி மாறி அணியுங்கள்.

2024 யூலை 28

அக்கரைப்பற்றுத் தம்பி தனி மடலில் எழுதியதை அவருடைய அனுமதியோடு இங்கே சொல்கிறேன், ஏனென்றால் இன்னும் பலருக்கு இது நடக்கும். 15 மீற்றருக்குப் போனதிலிருந்து அம்பு முனை நடுப்புள்ளிக்குக் கீழே வந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது, மேலே கொண்டுவர முடியவில்லை, அல்லது முனை புள்ளியைத் தொட்ட கணத்திலேயே விரல்கள் தாமாக விட்டுவிடுகின்றன என்கிறார். இது பலக்குறைவு அல்ல, பயமும் அல்ல. கண் "இதோ இலக்கு" என்று சொன்னதும் விரல் அதற்குக் கீழ்ப்படியப் பழகிவிட்டது. அனுபவமுள்ள வில்லாளர்களையும் இது பிடிக்கும். வருடக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் உண்டு.

நான் சொல்லும் வழி மார்ச் மாதக் குறிப்புக்கே திரும்புவது: மூன்று மீற்றர், புள்ளி இல்லாத இலக்கு, முதுகின் இழுப்பில் மட்டும் கவனம். சில வாரங்களின் பின் புள்ளியை வைத்து, முழுதாக இழுத்து, முனையைப் புள்ளியில் நிறுத்தி, எய்யாமல் மெதுவாக இறக்குங்கள். சில தடவை இறக்கி, பிறகு ஒரு தடவை எய்யுங்கள். புள்ளியில் நிற்பதும் நாணை விடுவதும் இரண்டு வேறு வேலைகள் என்பதை உடம்பு மறுபடி கற்க வேண்டும். 45 இறாத்தல் வில்லாக இருந்திருந்தால் இந்த இறக்கும் பயிற்சியைச் செய்யவே முடியாது. முழு இழுப்பில் நிற்க நேரம் இருப்பவருக்கே இந்த மருந்து.

2024 ஓகஸ்ட் 18

பரிஸ் ஒலிம்பிக் முடிந்த கையோடு நிறையக் கேள்விகள். தென்கொரியாவின் கிம் வூ-ஜினும் இம் சி-ஹியோனும் ஆளுக்கு மூன்று தங்கங்கள் வென்றதைப் பார்த்தவர்கள், நம் வில்லும் அதுதானா என்கிறார்கள். அடிப்படை அதுவே: அங்கேயும் ரீகர்வ் வில்தான், ஆனால் குறிகாட்டி, நிலைப்படுத்தும் தண்டுகள், இழுப்பு முடிந்ததைச் சொல்லும் கிளிக்கர் ஆகியவற்றோடு 70 மீற்றரில் 122 சென்ரிமீற்றர் இலக்குக்கு எய்கிறார்கள். அந்தக் கருவிகள் இல்லாத பிரிவுக்கு உலக வில்வித்தைச் சம்மேளனம் 'பெயர்போ', அதாவது வெறும் வில், என்று பெயர் வைத்திருக்கிறது. அதில் நாண் இறக்கிய வில் 12.2 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைய வேண்டும் என்பது விதி. வெளியே துருத்தி நிற்கும் தண்டுகளைத் தடுக்கவே அந்த வளையம். ராஞ்சியில் மூங்கில் வில்லோடு பழகத் தொடங்கிய தீபிகா குமாரி 2010 தில்லி பொதுநலவாய விளையாட்டில் தனிநபர் தங்கமும் குழுத் தங்கமும் வென்று, 2012இல் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தவர். வெறும் வில்லில் கட்டிய உடற்பழக்கம் பின்னர் எந்தப் பிரிவுக்கும் போகும்.

வாகரைப் பக்கத்து வாசகர் ஒருவர், எங்கள் முன்னோரான வேடர்கள் வைத்திருந்த வில்லும் ரீகர்வ் தானா என்று கேட்டார். இல்லை, ஐயா. அது ஒரே மரத்தடியைச் செதுக்கிச் செய்த, ஏறக்குறைய ஆளுயர நேர்வில். ரீகர்வ் என்பதில் லிம்பின் நுனிகள் எய்பவரை விட்டு விலகி முன்னே வளைந்திருக்கும். அதனால் குட்டையான வில்லிலேயே கூடுதல் விசை தேங்குகிறது. குதிரை மீதிருந்து எய்த மத்திய ஆசிய மக்கள் கொம்பு, மரம், நரம்பு மூன்றையும் விலங்குப் பசையால் ஒட்டி அப்படிச் செய்தார்கள். அந்தப் பசை ஈரக்காற்றில் தளரும். நம் கரையில் ஆளுயர மரவில் நிலைத்ததற்கு ஈரமும் காடும் போதுமான காரணங்கள் என்பது என் அனுமானம். காட்டுக்குள் நின்று எய்பவருக்கு நீளம் ஒரு தடையில்லை.

2024 ஒக்ரோபர் 13

தம்பிக்கு 15 மீற்றரில் அம்புகள் ஒன்றாகக் கூடத் தொடங்கிவிட்டன. இப்போது 35 இறாத்தல் லிம்ப் வாங்கலாமா என்கிறார். 30 வாங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து இறாத்தலுக்கு மேல் ஏற வேண்டாம். ஏறுவதற்கு முன் ஒரு சோதனை: ஒரு நாளின் கடைசி அம்பில், களைத்திருக்கும்போது, முழு இழுப்பில் பத்து விநாடி தோள் ஏறாமல் நிற்க முடிய வேண்டும். நாளின் முதல் ஆறு அம்புகளும் கடைசி ஆறு அம்புகளும் ஒரே அளவு வட்டத்துக்குள் விழ வேண்டும். இரண்டும் நடந்தால் தயார்.

லிம்பை மாற்றும்போது அம்பும் கேள்விக்கு உள்ளாகும். 900 ஸ்பைன் 25 இறாத்தலுக்குச் சரியாக இருந்தது என்றால் 30இல் அது நெகிழ்வு மிஞ்சியதாகலாம். உடனே புது அம்பு வாங்க வேண்டாம். எடை குறைந்த முனையைப் பூட்டினால் அம்பு சற்று விறைப்பாக நடந்துகொள்ளும். முதலில் அதைச் செய்து பாருங்கள். பழைய 25 இறாத்தல் லிம்பை விற்க வேண்டாம். உடம்பைச் சூடேற்ற அதுதான் தேவை, புதிதாக வருபவருக்குக் கொடுக்கவும் அதுதான் தேவை.

2024 நவம்பர் 24

மழை விட்டபாடில்லை, வயலும் விதைத்தாயிற்று. வீட்டுக்குள்ளே செய்யக்கூடியவை பற்றிக் கேட்டவர்களுக்கு: பழைய சைக்கிள் ரியூப்பை உங்கள் கை நீளத்துக்கு ஏற்ப வெட்டி முடிச்சிட்டு, கண்ணாடி முன் நின்று இழுத்து, தோள் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். விறாந்தையில் மூன்று மீற்றர் இடம் இருந்தால் உரப்பை இலக்கை அங்கே வைக்கலாம், வாசலுக்கு எதிராக மட்டும் வேண்டாம்.

நாணைத் தேன்மெழுகு பூசி, அது உருகி இழைகளுக்குள் போகும் வரை விரலால் தேயுங்கள். இழை அறுந்து எழும்பியிருந்தால் மெழுகு போதாது, நாணையே மாற்றுங்கள். மழையில் நனைந்த இறகு தண்டோடு ஒட்டிப் படிந்துவிடும். அது நன்றாக உலர்ந்த பிறகு, கேத்தலில் தண்ணீர் கொதிக்கும்போது வரும் ஆவியில் அம்பைச் சில விநாடிகள் சுற்றிப் பிடித்தால் இறகு மறுபடி எழுந்து நிற்கும். பசை இளகக் கூடும் என்பதால் அதற்கு மேல் ஆவியில் வைத்திருக்க வேண்டாம்.